பாலு கையில கொடுக்காதே!

எங்கள் குடும்பத்துக்கென்று சொந்தமாக ஒரு பழமொழி உண்டு. 'பாலு கையில கொடுக்காதே' என்பது அது. பாலு என் தம்பி.

புது மிக்ஸி வாங்கினால், "பாலு கையில கொடுக்காதே" என்பார்கள். விசேஷத்தில் குரூப் போட்டோ எடுக்க யாராவது அவனிடம் செல்போனை நீட்டினால், நாலு பேர் ஒரே சமயத்தில் "ஐயய்யோ, அவன் கையிலயா!" என்பார்கள். அவன் கல்யாணத்தில் தாலியை எடுத்து நீட்டிய நேரத்தில் பின்னாலிருந்து சித்தப்பா, "பாத்துக் கொடுங்கய்யா, வாங்கறது பாலு!" என்றார். மண்டபமே சிரித்தது. பாலுவும் சிரித்தான். நான் சிரித்தேனா என்பது ஞாபகம் இல்லை. (பொய். நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிரித்தேன்.)

இந்தப் பழமொழி எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குச் சொல்கிறேன். முழுக் கதையும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நான்.

*

1995 தீபாவளி. அப்பாவுக்கு மில்லில் போனஸ் வந்தது. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் இரண்டாயிரம் சொன்ன டி.வி. கேம் பெட்டியை, மூன்று தடவை கோபித்துக்கொண்டு கடையை விட்டு இறங்கிப் போவது போல் நடித்து, ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்கு வாங்கி வந்தார். அப்பாவுக்கு அந்தக் காலத்தில் அது ஒரு மாச வாடகைக்கு மேல்.

ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ கம்பெனி 'ஃபேமிகாம்' என்று ஒரு பெட்டி விட்டது. அதைப் பார்த்துக் காப்பியடித்த ஒன்றுவிட்ட தம்பிகள் ஆசியா முழுக்கப் பிறந்தன. எங்களுடையது அதில் ஒன்று. கூடவே மஞ்சள் கலரில் ஒரு கேசட். அதன் மேல் '9999999 விளையாட்டுகள்' என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஆறு. மீதியெல்லாம் அதே ஆறுதான், பெயரை மாற்றி, இரண்டாவது ரவுண்டிலிருந்து ஆரம்பித்து வைத்திருந்தார்கள். அந்த ஆறில் ஒன்று மரியோ. எங்களுக்கு அது போதும்.

எனக்குப் பன்னிரண்டு வயசு. பாலுவுக்கு எட்டு. நான் ஆடுவேன், அவன் பார்ப்பான். "அண்ணே, ஒரே ஒரு வாட்டி" என்பான். "இரு, இந்த ரவுண்டு முடியட்டும்" என்பேன். ரவுண்டு எப்போதுமே முடிவதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் அடாப்டர் ஒயர் கழுத்தில் அறுந்தது. "ஞாயித்துக்கிழமை ஒட்டித் தரேன்" என்றார் அப்பா. அன்றைக்கு புதன். பன்னிரண்டு வயசுக்காரனுக்குப் புதனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு யுகம். வீட்டில் டேப் ரிக்கார்டருக்கு ஒரு அடாப்டர் இருந்தது. எடுத்துச் சொருகிப் பார்த்தேன். பின் கச்சிதமாகப் பொருந்தியது.

பின் பொருந்துவது, ஜாதகம் பொருந்துவது மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று அப்புறம்தான் தெரியும். கேம் பெட்டிக்கு வேண்டியது 9 வோல்ட், பின்னின் நடுவில் நெகட்டிவ், வெளியே பாசிட்டிவ். டேப் ரிக்கார்டர் அடாப்டர் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். அடாப்டர் முதுகில் ஒரு சின்ன வட்டமும் அதைச் சுற்றி அரைவட்டமும் பிளஸ், மைனஸ் போட்டு வரைந்திருப்பார்களே, அது இதைச் சொல்லத்தான். நான் அதை ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன்.

சுவிட்சைத் தள்ளினேன். ஐந்து விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் 'டப்'. பெட்டியின் ஓட்டைகள் வழியாக மெல்லிசாகப் புகை. கூடவே அழுகிய மீனையும் கருகிய பிளாஸ்டிக்கையும் சேர்த்து வறுத்த மாதிரி ஒரு நாற்றம்.

பிடுங்கினேன். ஜன்னலைத் திறந்தேன். ஃபேனை ஐந்தில் வைத்தேன். அடாப்டரை டேப் ரிக்கார்டர் பின்னாலேயே கொண்டுபோய் வைத்தேன். ஒரு தேர்ந்த கொலைகாரன்கூட அவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழித்திருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒயரை ஒட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றினார். "இன்னிக்கு முதல்ல தம்பி ஆடட்டும்" என்று நான் சொன்னேன். ஆமாம் ஸார், நான்தான் சொன்னேன். பாலுவுக்கு முகமெல்லாம் பல். சுவிட்சைத் தள்ளினான். டி.வி.யில் ஒன்றுமில்லை. அடாப்டர் மட்டும் 'உம்ம்' என்று முனகிச் சூடானது.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் பாலு பெட்டி மேல் பாலைக் கொட்டியிருந்தான். அது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அப்பாவுக்குக் கை வந்தது. இரண்டு அறை. "நான் இல்லப்பா" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. தெருமுனை டி.வி. மெக்கானிக் திறந்து பார்த்து, "ஷார்ட் ஆயிருக்கு ஸார், பால் உள்ள போயிருக்கும்" என்று தீர்ப்பை உறுதி செய்தார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பெட்டி பரணுக்குப் போனது. பழமொழி கீழே தங்கிவிட்டது.

*

2024 நவம்பரில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. "குப்பையில போட்டுடவா?" என்றாள் மனைவி. அப்பா, எழுபத்தொன்பது வயசு, ஈஸிசேரிலிருந்து எட்டிப் பார்த்து, "பாலு உடைச்சதுடா அது" என்று பொக்கை வாயால் சிரித்தார்.

எனக்கு வயிற்றில் ஏதோ பண்ணியது. கூரியர் பார்சல் மாதிரி அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

சென்னைவாசிகளுக்கு அறிமுகம் வேண்டாம். மவுண்ட் ரோடு பக்கத்தில் இருக்கும் அந்த எலெக்ட்ரானிக்ஸ் சந்துகளில் உங்களுக்கு வேண்டிய எந்த உதிரிபாகமும் கிடைக்கும், பைக் நிறுத்த இடம் மட்டும் கிடைக்காது. மாடியில் ஒரு எட்டடி ரூம். இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன் இந்தக் காலத்துப் பெரிய கேம் பெட்டி ஒன்றின் போர்டை விளக்குக்கு அடியில் கிடத்தியிருந்தான்.

"என்ன தம்பி ஆச்சு அதுக்கு?"

"ஏரியால நியூட்ரல் கட் ஸார். 230 வரவேண்டிய எடத்துல 400 கிட்ட வந்திருக்கு. பவர் சப்ளை போய், போகும்போது மெயின் போர்டையும் கூட்டிட்டுப் போயிருச்சு. நேத்து ஒருத்தர்கிட்ட காட்டினாராம், 'போர்டே போச்சு, புதுசு வாங்கு'ன்னாராம்."

மீட்டரின் இரண்டு முனைகளை வைத்தான். 'பீப்.' "12 வோல்ட் லைன் தரையோட ஷார்ட்" என்றான். இன்னொரு இடத்தில் வைத்தான். அங்கேயும் 'பீப்.' "அங்கேயுமா?" என்றேன். சிரித்தான்.

"அது பிராசசர் லைன் ஸார். அது ஒரு வோல்ட் சுமாருக்குத்தான் ஓடும், ஆனா ஆம்பியர் கணக்கு வழக்கில்லாம குடிக்கும். அதனால ரெஸிஸ்டன்ஸ் நார்மலாவே ஒரு ஓம் பக்கம், சிலதுல அதுக்கும் கீழ இருக்கும். மீட்டருக்கு அது ஷார்ட் மாதிரி தெரியும், கத்தும். கத்தினதை நம்பி நல்லா இருக்கற பிராசசரைப் பிடுங்கினவங்க நிறைய பேர்."

அதாவது, கத்துகிறவனெல்லாம் குற்றவாளி இல்லை. மனசில் குறித்துக்கொண்டேன்.

அந்த 12 வோல்ட் லைனில் எறும்பு வரிசை மாதிரி ஏகப்பட்ட செராமிக் கெபாசிட்டர்கள். எல்லாம் பக்கவாட்டில் ஒன்றாக இணைந்தவை. ஒன்று ஷார்ட் ஆனாலும் எதன் மேல் மீட்டரை வைத்தாலும் ஷார்ட்தான் காட்டும். கூட்டுக் குடும்பம். ஒருத்தன் பண்ணின தப்பு, மொத்த வீட்டுக்கும் கெட்ட பெயர். எந்த ஒருத்தன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பையன் போர்டு மேல் ஐஸோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றினான். மேஜை மேலிருந்த பவர் சப்ளையை ஒரே ஒரு வோல்ட்டுக்கு வைத்து, மூன்று ஆம்பியருக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தி, ஷார்ட் ஆன லைனில் கொடுத்தான். "ஒரு வோல்ட்தான் கொடுக்கணும் ஸார். 12 வோல்ட் லைனுக்கு அது தூசு, நல்ல பார்ட்ஸ் ஒண்ணும் ஆகாது. ஆனா ஷார்ட் ஆனவன் வழியாத்தான் கரண்ட்டெல்லாம் ஓடும். சுடுவான்."

இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரத்தில் பளபளத்த போர்டில் மிளகில் கால்வாசி சைஸ் கெபாசிட்டர் ஒன்றைச் சுற்றி மட்டும் ஈரம் காய்ந்து ஒரு வெள்ளைப் பொட்டு விரிந்தது.

"மாட்னான்!" என்றான் பையன். சூடான காற்றை ஊதி அதை எடுத்தான். மீட்டரை வைத்தான். சத்தம் இல்லை. அப்படி ஒரு அழகான மௌனத்தை நான் கேட்டதில்லை.

என் பையைத் திறந்து காட்டினேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். "இது எங்கப்பா காலத்துது ஸார். இதுக்கு நான் வேணாம். இது உள்ள ரொம்ப சிம்பிள், நீங்களே பண்ணலாம். வீட்ல சால்டரிங் அயர்ன் இருக்கா?" இல்லை. வாங்கினேன். மீட்டர், ஈயம், ஃபிளக்ஸ், 9 வோல்ட் அடாப்டர், எல்லாம் வாங்கினேன். கடைசியில் அவன் சீரியஸாக ஒன்று சொன்னான்: "நேரா 230 போற பவர் சப்ளை போர்டு எதையும் மட்டும் ஆர்வத்துல தொட்டுடாதீங்க ஸார். பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெபாசிட்டர்ல 320 வோல்ட் உக்காந்திருக்கும். அது பொறுமையா காத்திருக்கும்." உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

ஞாயிறு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஆபரேஷன். திருப்புளியால் மூடியைக் கழற்றினேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே நாற்றம், கொஞ்சம் வயசான குரலில்.

உள்ளே நிஜமாகவே ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு கறுப்புப் பிசின் வட்டம், கருகிய அப்பளம் சைஸில். அதற்கு அடியில்தான் முழுக் கம்ப்யூட்டரும். ஓரத்தில் மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு பெரிய கெபாசிட்டர், 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர். வருகிற 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து உள்ளே அனுப்புவது அதன் உத்தியோகம். மீதி 4 வோல்ட்டைச் சூடாக முதுகில் தாங்கிக்கொள்ளும். (ஆபீஸில் இப்படி ஒருவர் எல்லா செக்‌ஷனிலும் இருப்பார்.)

முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல். தலை வெடித்து, சாறு வழிந்து காய்ந்திருந்தது. இந்த வகைக் கெபாசிட்டருக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றிக் கொடுத்தால் உள்ளே காஸ் பொங்கி வெடிக்கும். அந்த 'டப்' இதுதான். எடுத்தேன். மீட்டரை வைத்தேன். 'பீப்.'

இரண்டாவது சந்தேகம் 7805. எடுத்தேன். தனியாக அளந்தால் அதன் உள்ளே போகும் காலும் தரைக்காலும் ஒட்டிக்கொண்டிருந்தன. செத்துப் போயிருந்தது. இனி சரியாகிவிடும் என்று போர்டில் மீட்டரை வைத்தேன். 'பீப்.'

சந்தேகப்பட இனி ஆளே இல்லை! மணி பதினொன்று. மனைவி எட்டிப் பார்த்து, "அது போனா போகுது, நீங்க வாங்க" என்றாள். அது போனால் போகாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பையனுக்கு போன் போட்டேன். தூங்கவில்லை. "ரெண்டையும் எடுத்துட்டீங்களா? போர்டு கருகியிருக்கா ஸார், கெபாசிட்டர் கால் பக்கத்துல? அதைச் சுரண்டுங்க. கரி கரண்ட்டை விடும்."

சட்டென்று புரிந்தது. பழைய டார்ச் செல்லை உடைத்து நடுவிலிருக்கும் கரிக் கம்பியை எடுத்து நீங்கள் சுவரில் கிறுக்கியிருப்பீர்கள். அந்தக் கம்பி வழியாகத்தான் கரண்ட் வருகிறது. போர்டு எரிந்தால் அதுவும் கரிதானே? குற்றவாளிகளை வெளியேற்றிய பிறகும், அவர்கள் எரித்துவிட்டுப் போன கறையே ஷார்ட்டாக உட்கார்ந்திருக்கிறது.

பிளேடால் சுரண்டினேன். கறுப்பு போய்ச் சுத்தமான பழுப்பு தெரிகிறவரை சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட மீட்டர் காட்டிய எண் ஏறியது. ஆல்கஹாலில் துடைத்தேன். வைத்தேன். மௌனம்.

கருகிப்போன செம்புக்கோட்டுக்குப் பதிலாக ஒரு துண்டு ஒயர். புது கெபாசிட்டர், புது 7805. இரண்டும் சேர்ந்து ஒரு டீ, ஒரு வடை விலை. உடனே எல்லாவற்றையும் இணைத்துவிடவில்லை. 7805-ன் வெளியேறும் காலை மட்டும் தூக்கி வைத்து, மின்சாரம் கொடுத்து அளந்தேன். 5.02. நம்பிக்கையான ஆள். அப்புறம்தான் அந்தக் காலை இறக்கி ஒட்டினேன். உள்ளே நுழையும் வழியில் ஒரு டயோடும் போட்டேன். அது ஒரு திசையில்தான் கரண்ட்டை விடும். இனி எவன் மாற்றிச் சொருகினாலும் உள்ளே போகாது. விலை இரண்டு ரூபாய். 1995-ல் அது இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

கறுப்பு அப்பளம் உயிரோடு இருக்கிறதா? அதுதான் கேள்வி. அது போயிருந்தால் கதை முடிந்தது, உள்ளே மாற்ற ஒன்றுமில்லை. டி.வி.யின் மஞ்சள் ஓட்டையில் ஒயரைச் சொருகி, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, சுவிட்சைத் தள்ளினேன்.

நீல வானம். பச்சை மேடு. மரியோ, சிவப்புத் தொப்பியோடு, முப்பது வருஷமாக அதே இடத்தில் எனக்காகக் காத்திருந்தவன் மாதிரி நின்றான். அந்த விளையாட்டு முழுக்க 40 கிலோபைட்தான். வாட்ஸப்பில் தினமும் காலையில் வரும் ஒரு ரோஜாப்பூ அதைவிடப் பெரிசு.

தலைகீழாக வந்த மின்சாரத்தை 7805 குறுக்கே நின்று வாங்கிக்கொண்டு செத்திருக்கிறது. உள்ளே இருந்தவனுக்கு ஒரு கீறல் இல்லை. யாரோ செய்த தப்புக்கு எவனோ அடி வாங்கியது. எனக்குத் தெரிந்த யாரையோ ஞாபகப்படுத்தியது.

நான் ஆடவில்லை. அணைத்துவிட்டேன்.

*

2025 பொங்கலுக்குப் பாலு குடும்பத்தோடு கோயம்புத்தூரிலிருந்து வந்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில். பெட்டியை டி.வி. முன்னால் வைத்தேன்.

"டேய், பாலு உடைச்சது!" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பாலுவும் வழக்கம் போல.

"அவன் உடைக்கலப்பா. நான்தான்."

ஆபீஸில் முந்நூறு பேர் முன்னால் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடாப்டர், புதன்கிழமை, புகை, ஃபேன் ஐந்தில், 'தம்பி முதல்ல ஆடட்டும்', எல்லாவற்றையும் சொன்னேன். பால் உள்ளே இறங்கவே இல்லை, நானே திறந்து பார்த்தேன் என்றும் சொன்னேன்.

பாலு திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். இல்லை, 'எனக்கு அப்பவே தெரியும்ணே' என்று சினிமா மாதிரி சொல்வான் என்றுகூட எதிர்பார்த்தேன். அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப... நான் உடைக்கலயா?" என்றான்.

"இல்லடா."

"நான்தான்னு நெனச்சுட்டு இருந்தேண்ணே. பாலைத் துடைச்சேன். சரியாத் துடைக்கலயோன்னு..." நிறுத்தினான். "வீட்ல எது புதுசா வாங்கினாலும் நான் பிளக்கைச் சொருக மாட்டேன். இவளைத்தான் கூப்பிடுவேன்."

அவன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "சோம்பேறித்தனம்னுல்ல நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

யாரும் பேசவில்லை. எனக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அப்பா ஈஸிசேரில் முன்னால் நகர்ந்தார். அறைந்த அந்தக் கையை மடியில் புரட்டிப் பார்த்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத தலைமுறை. அப்புறம் என்னைப் பார்த்து, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார்:

"அவன் கையில கொடுடா."

கொடுத்தேன். அந்தச் சின்னச் செவ்வகம் அவன் முப்பத்தெட்டு வயசுக் கைக்குப் பத்தவில்லை. சுவிட்சை அவனே தள்ளினான். மரியோ ஓடினான். முதலில் எதிரே வந்த பழுப்புக் காளானில் நேராகப் போய் மோதிச் செத்தான்.

சிரிப்பதா வேண்டாமா என்று ஹாலே தவித்தது. பாலு திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு உசிரு இருக்குல்ல?" என்றார் அப்பா. "ஆடுடா."